கூடும்

ஹல் நகரச் சந்தைக்குள்,
தேநீர்க் கடையின் ஆவி வந்து படும் மூலையில்,
ஆப்பிள் பெட்டியொன்றைக் கவிழ்த்து
அதன்மேல் ஏறி நின்றேன்.
பல்கலைக்கழகம் கொடுத்த ஆரஞ்சு மேல்சட்டை.
கழுத்தில் ஓர் அட்டை: "என்னிடம் கேளுங்கள்."
முதல் அரைமணி நேரத்தில்
கேட்டவர் ஒருவர்தான்:
கழிப்பறை எந்தப் பக்கம்?

நாலு வருடம். நூற்றுப் பன்னிரண்டு வாடகை வீடுகள்.
பத்து நிமிடத்துக்கொருமுறை
ஈரத்தை எண்ணாகச் சொல்லும் கருவி, சுவருக்கு ஒன்று.
எண்களைக் கோத்து எழுதிய கட்டுரையை
முழுதாகப் படித்தவர்கள்
நான், என் நெறியாளர், மதிப்பீட்டாளர் இருவர்.
(இரண்டாமவர்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.)

"மேற்பரப்புக் குளிர்வுக்கும்
பூஞ்சைத் திரளடர்த்திக்கும் இடையிலான
நேர்மறைத் தொடர்பு" என்று தொடங்கினேன்.
முட்டைக்கோஸ் வாங்க வந்தவர்
முட்டைக்கோஸ் வாங்கப் போனார்.

வாயை மூடிக்கொண்டு இறங்கினேன்.
எதிர்க்கடையில், பெட்டிக்குள் உறைய இருந்த
எலுமிச்சைச் சோடா ஒன்றை வாங்கி
பெட்டி விளிம்பில் வைத்தேன்.
கொஞ்ச நேரத்தில் அதற்கு வேர்த்தது.
ஒரு பையன் நின்றான். அவன் நாய் நின்றது.
பிறகு நாலைந்து பேர்.
"புட்டி ஒழுகவில்லை," என்றேன்.
"காற்றிலிருந்த தண்ணீர்
குளிர்ந்த இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டது.
உங்கள் வீட்டு வடக்குச் சுவர்தான் இந்தப் புட்டி."
"குடிக்கலாமா?" என்றான் பையன்.

கூட்டத்திலிருந்து கெய்லி வந்தாள்.
மீன் ஆலை இரவு வேலை முடிந்த கை, சுருங்கி வெளுத்திருந்தது.
சட்டைப்பையில் குழந்தையின் நீல மூச்சிழுப்பான்.
மடித்து மடித்து நைந்த கடிதமொன்றை நீட்டினாள்.
வீட்டுக்காரர் பிளெங்கின் எழுதியது:
"ஈரத்துணியை உள்ளே உலர்த்துவதே காரணம்.
சன்னலைத் திறந்து வைக்கவும்."

"அப்போ, என் தப்பு இல்லையா?"

சுவரில் ஊறும் ஈரத்தைத் தமிழில் ஓதம் என்போம்;
கடல் பொங்கி ஏறுவதும் ஓதம்தான்.
இரண்டு தெரு தள்ளி ஹம்பர் ஏறிக்கொண்டிருந்தது.
அதைச் சொல்ல இன்னொரு பெட்டி வேண்டும்.
சொன்னது இது:
"பெரும்பாலான வீடுகளில்,
மற்ற காரணங்களை விலக்கிப் பார்த்தால்,
சுவரே காரணமாக இருக்கக்கூடும்."

"கூடுமா?"

கூடும்.
நாலு வருடத்தில் நான் சம்பாதித்த சொல் அது ஒன்றுதான்.
கோழைத்தனம் இல்லை.
பதினேழு வீடுகளில் கணக்கு உதைத்தது.
சிலவற்றில் துணிதான் காரணம், நிச்சயமாக.
அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் நான் பொய்யள்.
விட்டுவைத்தால்
பிளெங்கின் அதன் வழியாகத்தான் உள்ளே வருவார்,
ஓதம் வருவதுபோல, மயிரிழை போதும் அவருக்கு.

"எழுதித் தாங்க. அவர்கிட்ட காட்டணும்."

துண்டறிக்கையின் முதுகில் எழுதினேன்:
நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில்
தொண்ணூற்றைந்தில் சுவர்தான் காரணம், துணி அல்ல.
இவர் வீட்டை நான் பார்க்கவில்லை.

உதடசைத்துப் படித்தாள்.
"கடைசி வரி வேண்டாமே."
"அதுவும் வேணும்," என்றேன்.
சொன்ன பிறகு
என் குரல் எனக்கே பிளெங்கின் குரலாகக் கேட்டது.

அவள் கோபப்படவில்லை.
என் பேனாவை வாங்கி அந்த வரிக்குக் கீழே
ஏதோ கிறுக்கினாள்.
அடித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.
விலாசம்.
"செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு மேல முழிச்சிருப்பேன்.
வந்து பாத்துட்டு, அப்புறம் அடிங்க."

கருவியைத் துடைத்து, மின்கலம் மாற்றி வைத்திருக்கிறேன்.
நூற்றுப் பதின்மூன்றாவது வீடு.
கட்டுரை அச்சாகிவிட்டது,
எந்த அட்டவணையிலும் இது ஏறாது.
அங்கே துணிதான் காரணமென்று தெரிந்தால்
அதை எப்படிச் சொல்வது என்று
பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போகிறேன்.

சோடாவைப் பையன் குடித்துவிட்டான்.
பெட்டிமேல் ஈரமாய் ஒரு வட்டம் மட்டும் இருந்தது.